மைசூரில் புல்தரை இல்லாத வீடு

ஆட்டுக்கல்லோடு வெளிமாநிலம் கிளம்பிய பெண்மணி யாரையும் கோபி பேருந்து நிலையம் அதற்கு முன் பார்த்திருக்காது. மைசூரில் இருக்கும் என் தம்பி பழனிசாமி போனில் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். "அக்கா, வரும்போது பொடக்காலியில கெடக்குற அந்தச் சின்ன ஆட்டுக்கல்லக் கொண்டாந்துரு. இங்க தோட்டத்துல குருவி தண்ணி குடிக்க வெக்கோணும்" என்றான். கிரைண்டர் வந்த நாளிலிருந்து அந்தக் கல் வீட்டுக்குப் பின்னால் கிடந்து, நாங்கள் கால் இடித்துக்கொள்வதற்கு மட்டுமே பயன்பட்டு வந்தது. சனியன் தொலைந்தால் சரி என்று சாக்கில் போட்டுக் கட்டினேன்.

பேருந்து நடத்துநர் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது சாமி சிலையா என்று கேட்டார். சாமி என்றால் முன்னால் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், ஆட்டுக்கல் என்றால் பின்வரிசைக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் சட்டம். பொய் சொல்ல வாய் வரவில்லை, கல் பின்னால் போயிற்று. மலை வளைவுகளில் அது சாக்கோடு நகர்ந்து நகர்ந்து வந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் காலில் முட்டி நின்றது. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார், செருப்பைக் கழற்றினார், இரண்டு காலையும் அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப் போனார். இறங்கும்போது எனக்கு நன்றி வேறு சொன்னார்.

மைசூர் ஆட்டோக்காரருக்கு என் சாக்கு ஆச்சரியமாகவே இல்லை. இப்போது ஊரெல்லாம் இதுதானாம். போன வாரம்தான் ஒரு ஓட்டலுக்கு அம்மியும் உரலுமாக ஏற்றிப் போனாராம், சட்னி அரைக்க இல்லை, வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றித் தாமரை மிதக்கவிட. சாலையின் இரு பக்கமும் மரங்கள் கூடிக் கூரை போட்டிருந்தன. எங்கள் ஊரில் சாலைக்கு இடம் கொடுத்து மரம் போய்விடும். இங்கே ஓரிடத்தில் மரத்துக்கு இடம் கொடுத்து நடைபாதை வளைந்து போவதைப் பார்த்தேன். ஊரை அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

தம்பி வீட்டைத்தான் பிடிக்கவில்லை. தொழிற்சாலை வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி, ஓய்வும் பெற்றுவிட்டவன் அவன். வீட்டுக்கு முன்னால் அவன் வளர்த்த புல்தரை அந்தத் தெருவில் பிரசித்தம். ஞாயிற்றுக்கிழமையானால் அரைக்கால் சட்டையோடு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு அதற்கு முடி வெட்டுவான். அந்தப் புல்தரையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வளைந்த பள்ளம், அதில் கூழாங்கல், சுற்றிலும் இடுப்புயரப் புல், பண்ணைக்கீரை, தும்பை, பெயர் தெரியாத என்னென்னவோ. மண்ணே தெரியாதபடி காய்ந்த சருகு. வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்களோ என்று ஒரு கணம் பயந்தே போனேன்.

அந்தக் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். முழங்கால் வரை மண். பெயர் நந்தினி. ஹனூர்ப் பக்கம் கௌதள்ளியில் விவசாயக் குடும்பம், வீட்டில் பேசுவது நம் தமிழ். தோட்டக்கலை படித்துவிட்டு ஒரு நர்சரியில் வேலை பார்த்தாள், அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தோட்டம் அமைக்கக் கிளம்பியிருக்கிறாள். என் தம்பி மனைவி சரோஜாவும் ஹனூர்க்காரி என்பதால், ஊர்ப்பாசத்தில் இவர்கள் வீட்டு முன்பக்கத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் பெயரில் அமைந்த முதல் தோட்டம் இதுதான்.

"இது லானு இல்லாத கார்டனுங் ஆன்ட்டி. ஸ்வல்ப நாள் பாருங்க, பட்டாம்பூச்சி எப்பிடி வருதுன்னு" என்றாள். நான் சுற்றிப் பார்த்தேன். கொசு வந்தது.

சரோஜா போட்ட காபியைக் குடித்துக்கொண்டே விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் நகர் என்பதை இங்கே லேஅவுட் என்கிறார்கள். இவர்கள் லேஅவுட்டின் நடுவில் ஒரு பூங்கா இருக்கிறது, அதாவது உடைந்த ஊஞ்சலும் காய்ந்த புல்லும் இருக்கிறது. அதைப் புதிதாக அமைக்கக் குடியிருப்போர் சங்கம் ஆள் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் இந்தத் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் பூங்கா வேலை நந்தினிக்கு. பிடிக்காவிட்டால் அவள் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போக வேண்டியதுதான், வேலைக்கான ஆர்டர் வந்து போனில் கிடக்கிறது, அவள் அப்பாவும் அதைத்தான் வற்புறுத்துகிறார். அந்தக் கம்பெனி போடுவது பிளாஸ்டிக் புல். அந்த வார்த்தையைச் சொல்லும்போது நந்தினி மூக்கைச் சுருக்கிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செட் தோசையும் சாகு என்கிற குருமாவும் முடிந்த கையோடு, ஊரில் யார் யார் எப்படித் தோட்டம் போடுகிறார்கள் என்று காட்டுகிறேன் வாருங்கள் என்று நந்தினி என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். செட் தோசையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பஞ்சு மாதிரி இருக்கிறது, பசி தெரிவதற்குள் உள்ளே போய்விடுகிறது, அப்புறம் ஸ்கூட்டரில் உட்கார முடிவதில்லை.

முதலில் பார்த்தது ஒரு டாக்டர் வீடு. வாசல் முழுக்கப் பிளாஸ்டிக் புல், அதன்மேல் சிமெண்ட் மான். வேலைக்காரம்மாள் புல்லை வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வெயிலில் அதன்மேல் செருப்பில்லாமல் கால் வைத்துப் பார்த்தேன், தோசைக்கல்லேதான். அடுத்த வீட்டில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் தொட்டிகளை மாட்டி, செடிகளைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். பாதி காய்ந்திருந்தது. உச்சியில் இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக் குழாய் வைக்க மறந்துவிட்டார்களாம். இன்னொரு வீட்டில் தொட்டிகளெல்லாம் துருப்பிடித்த இரும்பு. பாவம், பழையது போலிருக்கிறது என்றேன். புதுசுதான், துரு ஏற்றித்தான் விற்கிறார்கள், துருவுக்குத்தான் விலை என்றாள் நந்தினி. நம் வீட்டு மோட்டார் ஷெட் கதவு இந்த ஊரில் என்ன விலைக்குப் போகும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

புத்தர் தலையை மட்டும் எண்ணுவதை விட்டுவிட்டேன். குழாயடியில், படிக்கட்டில், பார்க்கிங்கில், எங்கே பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தலை. உடம்பை யாரும் வாங்குவதில்லை போலிருக்கிறது. நந்தினியிடம் ஏன் உன் தோட்டத்தில் ஒன்று வைக்கவில்லை என்று கேட்டேன். அதற்கு ஆகும் காசில் இன்னொரு பள்ளம் வெட்டுவேன் என்றாள். அப்போதுதான் அந்த வளைந்த பள்ளத்தின் கதை தெரிந்தது. மொட்டைமாடி மழைத் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாக அதில் இறங்கி, கூழாங்கல்லில் வடிந்து, நிலத்துக்குள் போகிறது. மழைக்கு நனைந்தும் வெயிலுக்குக் காய்ந்தும் பழகிய உள்ளூர்ச் செடிகள்தான் அங்கே நிற்கும். சருகு ஈரம் காக்கும். பண்ணைக்கீரைப் பூவுக்குத்தான் பட்டாம்பூச்சி வரும். இதையெல்லாம் அவள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிச் சொன்னாள். நான் சாலையைப் பார்க்கச் சொல்லி அவள் தோளைத் தட்டிக்கொண்டே வந்ததில், பாதிதான் காதில் விழுந்தது.

திரும்பும்போது ஒரு நர்சரியில் மூங்கில் கன்று ஒன்றை வாங்கி என் மடியில் வைத்தாள். கன்று என்றுதான் சொன்னாள். என் தலைக்கு மேல் இரண்டடி நின்றது. சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் இலையை விலக்கி எட்டிப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். இருக்கிறேன் என்று தமிழில் சொன்னேன்.

சனிக்கிழமை காலை, சொந்தத்தில் ஒரு சீர், அதாவது விசேஷம் என்று நந்தினி கௌதள்ளிக்குப் பேருந்து ஏறினாள். நாளைக் காலை வந்துவிடுவேன், தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மழை பெய்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர் ஊற்றக் கூடாது என்றாளே தவிர, வேறு எதையும் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. இது முக்கியம்.

பத்து மணி வாக்கில் எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, நாளை விருந்தாளிகள் வருகிறார்களாமே என்று கேட்டுவிட்டு, எங்கள் வாசலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். சரோஜாவுக்கு அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

"அண்ணி, நாலு பெரிய மனுசங்க வார வாசலு இப்பிடிக் கெடந்தா, அந்தப் புள்ளையத்தான கொறை சொல்லுவாங்க?" என்றாள்.

எனக்கும் அதே எண்ணம்தான். விருந்தாளி வருகிறார் என்றால் வாசலைக் கூட்டுவது எங்கள் பக்கத்தில் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகப் போகும். அதிலும் இது ஒரு பெண்ணின் பிழைப்பு. அவளோ சீர் வீட்டில் அலைந்துகொண்டிருக்கிறாள். நாம் இருந்தும் செய்யாவிட்டால் எப்படி என்று இருவரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம்.

கூட்டியதில் சருகு சாக்குச் சாக்காக வந்தது. மழை ஈரத்துக்குக் களைகள் வேரோடு வந்த சுகத்தை என்னவென்று சொல்ல. தும்பை, பண்ணைக்கீரை, குமிட்டி, பொன்னாங்கண்ணி, அந்த நெட்டைப் புல் எல்லாம் போயிற்று. நர்சரியில் வாங்கியதென்று பார்த்தாலே தெரிகிற செடிகளை மட்டும் விட்டுவைத்தோம். கடைக்குப் போயிருந்த தம்பி திரும்பி வந்தான். சிவந்த மண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கூழாங்கற்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். அந்தப் புல்தரையை அவன் எவ்வளவு தேடியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தின்னக் கூடிய கீரையைச் சரோஜா தனியாக ஆய்ந்து கூடையில் வைத்தாள். மீதியைக் கொல்லையில் குவித்தோம். மூன்று பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நந்தினி வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்தினி வந்தாள். கேட்டைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை. நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டு படியில் நின்றோம். அவள் சிரிக்கவில்லை. மெதுவாக நடந்து வந்து, பண்ணைக்கீரை நின்ற இடத்தில் உட்கார்ந்து, மண்ணைத் தடவினாள்.

"வெதை பொறுக்கிக் கொண்டாந்து போட்டதுங் ஆன்ட்டி. எங்க காட்டுல இருந்து" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தம்பி, நேற்று அவ்வளவு ஆசையாகக் கழுவிய கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிடுங்கியதை மறுபடி நட முடியுமா என்று கேட்டேன். வேர் காய்ந்துவிட்டது என்று தலையை ஆட்டினாள்.

சொன்ன நேரத்துக்குச் சங்கத்தார் வந்துவிட்டார்கள். தலைவர் ராமண்ணா, வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டி, வெள்ளைச் சட்டை, விளையாட்டு ஷூ. செயலாளர் சாவித்ரம்மா, கைப்பையில் துணிப்பை மடித்து வைத்திருக்கிற ரகம். பின்னால் இன்னும் சிலர். எல்லாப் பேச்சும் கன்னடத்தில் நடந்தது, தம்பி என் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான்.

ராமண்ணா தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகத்தில் திருப்தி. "சுத்தமாக இருக்கிறது. ஏதோ காடு மாதிரி வளர்த்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன், வீண் பேச்சு. இதே மாதிரி பூங்காவையும் செய்துவிடம்மா. மண் இருக்கும் இடத்தில் மட்டும் அந்தச் செயற்கைப் புல்லைப் போட்டுவிடு, வேலை முடிந்தது" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. எங்கள் தப்பே அவளுக்கு வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டது, இனித் தலையை ஆட்டினால் போதும். நான் நந்தினியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ராமண்ணாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். தம்பி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். சரோஜாதான் என் காதோடு சொன்னாள்.

"இது எந்தோட்டம் இல்லீங்க, எந்தோட்டத்த நேத்துப் புடுங்கிப் போட்டுட்டாங்கன்னு சொல்றா அண்ணி."

சங்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நந்தினி அவர்களைக் கொல்லைக்கு அழைத்துப் போய்க் குவியலைக் காட்டினாள். எது எங்கே நின்றது, எதற்காக நின்றது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். வாடிக் கிடந்த பண்ணைக்கீரைப் பூக்கள் அப்போதும் இளஞ்சிவப்பாகவே இருந்தன. ராமண்ணா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றார். அந்த வார்த்தைக்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று தம்பி வழியை மறித்தான். விருந்துக்கென்று சரோஜா கேசரியும், காராபாத் என்கிற உப்புமாவும் செய்திருந்தாள். கூடவே, கீரையை வீணாக்க மனசில்லாமல் அதைப் பருப்போடு கடைந்து, ராகிக் களியும் கிளறியிருந்தாள். நாங்கள் களி என்பதை இவர்கள் உருட்டி வைத்து முத்தே என்கிறார்கள். உருட்டுவதில் மட்டும் அவர்கள் கை சுத்தம், எங்கள் களி எப்போதும் கோணல்தான்.

சாவித்ரம்மா களியைக் கிள்ளிக் கீரையில் தோய்த்து ஒரு வாய் விழுங்கியவர், இலையிலிருந்து தலையைத் தூக்கினார். இது அண்ணே சொப்புதானே என்று கேட்டார். நம் பண்ணைக்கீரைக்கு இங்கே அந்தப் பெயர். எந்த மார்க்கெட்டில் கிடைத்தது என்று அடுத்த கேள்வி. சரோஜா ஜன்னல் வழியாக வாசலைக் காட்டினாள். பந்தியில் இருந்த பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் நடந்த சண்டையைத் தம்பி சரியாக மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. இந்தக் கீரைக்காக ஆட்டோ வைத்து மார்க்கெட் போய், பாதி நாள் கிடைக்காமல் திரும்புகிறேன், பூங்காவில் முளைத்தால் யாருக்கு என்ன கஷ்டம் என்பது சாவித்ரம்மாவின் கட்சி. பூங்கா நடப்பதற்கு, குழம்பு வைப்பதற்கு இல்லை என்பது ராமண்ணாவின் கட்சி. மழை பெய்தால் பூங்காவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குளமாக நிற்கிறதே, அங்கே நீங்கள் நடக்கிறீர்களா, நீந்துகிறீர்களா என்று ஒரு பெண் கேட்டார். ராமண்ணா இன்னொரு கரண்டி கீரை கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்து அவர் குரல் இறங்கிவிட்டது.

கேசரி வருவதற்குள் முடிவாயிற்று. பூங்காவின் முன்பாதி ராமண்ணா ஆசைப்படி புல்தரை, அதுவும் நிஜப் புல். தண்ணீர் நிற்கிற பின்பாதி முழுக்க நந்தினிக்கு. அடுத்த மழைக்காலம் வரை பார்ப்பது, நன்றாக இருந்தால் முன்பாதியையும் அவளிடமே விடுவது. போகும்போது சாவித்ரம்மா துணிப்பையை விரித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு நந்தினி வாசற்படியில் உட்கார்ந்து பெங்களூருக்குப் போன் போட்டாள். வரவில்லை என்று கன்னடத்தில் சொன்னது எனக்கே புரிந்தது. அடுத்து அப்பாவுக்குப் போட்டாள். அங்கேயிருந்து வந்த குரல் தெருவுக்கே கேட்டது, அவள் காதைவிட்டு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உள்ளே வந்து, மிச்சமிருந்த கீரையையும் களியையும் வழித்துச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு கண்ணு."

"நீங்க எப்பங் ஊருக்குப் போறீங்க?"

புதன்கிழமை என்றேன். அவள் வாசலில் கிடந்த வெற்று மண்ணைப் பார்த்தாள். சரோஜா கையில் இருந்த விளக்கமாற்றைப் பார்த்தாள்.

"சரிங். அப்ப வெதைய வியாழக்கெழம போடறனுங்" என்றாள், அவ்வளவு மரியாதையாக.

நான் திங்கட்கிழமைக் காலைப் பேருந்திலேயே கிளம்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை விதைத்துவிட்டதாகத் தம்பி போன் செய்தான்.